பாசிர் பாஞ்சாங் குன்றின் புலித்தைலப் பூங்கா

காவும் சோலையும் அமைத்து மக்கள் கண்டு களிக்க விடுதல் தமிழர்க்குப் புதியதொரு வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம் என்னும் ஐந்து சோலைகள் இருந்தமையை மணிமேகலைக் காப்பியம் எடுத்துரைக்கின்றது. மலர் கொய்யும் பொருட்டு மணிமேகலை உவவனம் நோக்கிச் செல்லும் அந்தக் காதையிலேயே, உயர்ந்த மாடங்களில் தேவர் முதலாக எல்லா உயிர்களின் உருவங்களையும் வெண்சுதையால் கைவல்லார் செய்துவைத்திருந்ததையும், வழிச்செல்வோர் அவற்றைப் பார்த்தவாறே நின்றுவிட்டதையும் சாத்தனார் காட்டுகிறார். சோலை ஒருபுறம், சுதையுருவம் மறுபுறம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, உருவத்தால் கதை சொல்லி, கதையால் அறம் உணர்த்தக் கருதிய இடமொன்று சிங்கப்பூரின் தென்மேற்குக் கரையில் பாசிர் பாஞ்சாங் குன்றின் சரிவில் 1937ஆம் ஆண்டில் தோன்றியது. ஹாவ் பார் வில்லா என்பது அதன் ஏட்டுப்பெயர். மலாயாத் தோட்டப்புறங்களில் வழங்கிய பெயர் 'டைகர் பாம் கார்டன்' என்பதே. அப்பூங்கா செழித்ததும், மூடப்பட்டதும், வேறுருக் கொண்டு திறக்கப்பட்டதும், அவ்வுருவும் நிலைக்காமல் மீண்டும் மாறியதும் தமிழ் மாணாக்கர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

பூங்காவின் வரலாறு ஒரு தைலக் குப்பியிலிருந்து தொடங்குகிறது. சீனத்தின் புஜியான் மாநிலத்தைச் சேர்ந்த ஹக்கா மருத்துவரான ஆவ் சூ கின் என்பார் பர்மாவுக்குக் குடிபெயர்ந்து, 1870களில் இரங்கூனில் 'எங் ஆன் தோங்' என்னும் மருந்துக்கடையை நிறுவினார். 1908இல் அவர் மறைந்தபின் கடை மக்கள் இருவரின் கைக்கு வந்தது. மூத்தவர் ஆவ் பூன் ஹாவ். இளையவர் ஆவ் பூன் பார். மூத்தவர் பெயருக்கு 'மெல்லியல்புப் புலி' என்றும், இளையவர் பெயருக்கு 'மெல்லியல்புச் சிறுத்தை' என்றும் பொருள் கூறுவர். தந்தை மூத்தவரைச் சீனத்துக்கு அனுப்பிப் பழைய முறைக் கல்வி பெறச் செய்தார். இளையவர் இரங்கூனிலேயே ஆங்கிலக் கல்வி பயின்றார். கற்பூரமும் மெந்தாலும் கிராம்பு எண்ணெயும் காயு பூத்தே எண்ணெயும் கலந்து அவர்கள் ஆக்கிய தைலம், மூத்தவர் பெயரிலுள்ள புலியையே அடையாளமாகத் தாங்கி அறுகோணக் கண்ணாடிக் குப்பியில் விற்பனைக்கு வந்தது. 1926இல் பூன் ஹாவ் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார்; நீல் சாலையில் ஆலை இயங்கியது.

அத்தைலம் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து, பால்வாளி சுமந்து திரும்பியவரின் தோள்வலிக்கும், பிள்ளையின் மார்ச்சளிக்கும், பூச்சிக்கடிக்கும், பெயர் தெரியாத எல்லா நோவுக்கும் லயத்து வீடுகளில் முதலில் எடுத்தது கோடாலித் தைலத்தை. அஃது இல்லையேல் புலித்தைலத்தை. மருத்துவமனை தொலைவில் இருந்த காலத்தில் சாமிபட மாடத்தருகே இவ்விரண்டு குப்பிகளுள் ஒன்று இல்லாத வீடு அரிது. ஆதலின் அந்தப் பூங்கா எழுந்த செல்வத்தில், எத்துணைச் சிறிதாயினும், பால்மரம் வெட்டியவர்களின் காசும் உண்டு.

பூன் ஹாவ் விளம்பரக் கலையில் தமக்கு ஒப்பாரில்லாதவர். தம் மோட்டார் வண்டியின் முகப்பில் புலித்தலை ஒன்றைப் பொருத்தி, உறுமல் ஒலி எழுப்பும் ஊதுகுழலும் அமைத்து ஊர்வலம் வந்தவர் அவர். தம் மருந்துக்கு விளம்பரம் செய்யும் பொருட்டே செய்தித்தாள்களை நிறுவினார் என்றும் சொல்வதுண்டு. 1929இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'சின் சியூ ஜிட் போ', 1938இல் ஹாங்காங்கில் தொடங்கிய 'சிங் தாவ்' ஆகியவை அவர் நிறுவியவை. இவற்றை எண்ணும்போது, பூங்காவும் ஒரு விளம்பரமே என்று சொல்லிவிடத் தோன்றும். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் விற்பனை மட்டுமே நோக்கமாயின், நரகத்தைச் சுதையில் வடித்து வைக்க வேண்டிய தேவை எந்த வணிகனுக்கும் இல்லை.

முதலில் ஹாங்காங்கின் தாய் ஹாங் பகுதியில் 1930களின் நடுவில் ஒரு மாளிகையும் தோட்டமும் எழுந்தன. அதனையடுத்துத் தம்பியின் பொருட்டுச் சிங்கப்பூரில் ஒரு மாளிகை எழுப்ப விரும்பி, கடலை நோக்கிய பாசிர் பாஞ்சாங் குன்றை 1935இல் பூன் ஹாவ் வாங்கினார். ஹோ குவோங் யூ என்னும் இளம் கட்டடக் கலைஞர் வட்டக் கூரைகள் கொண்ட புதுமுறை மாளிகை ஒன்றை வரைந்து கொடுத்தார். 1937இல் வேலை முடிந்தது. மாளிகையைச் சுற்றிய சரிவெல்லாம் செயற்கைப் பாறைகள், குகைகள், வளைவுகள், படிகள். அவற்றினிடையே கம்பியும் சிமெந்தும் கொண்டு ஆக்கி வண்ணம் தீட்டிய உருவங்கள். நாளடைவில் உருவங்கள் ஆயிரத்தைக் கடந்தன. கதைக்காட்சிகள் நூற்றைம்பதாகப் பெருகின.

இதனினும் குறிப்பிடத்தக்கது வாயிற்கதவு மக்களுக்குத் திறந்திருந்தமை. நுழைவுக் கட்டணம் இல்லை. செல்வர் ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் ரிக்‌ஷா இழுப்பவரும் துறைமுகக் கூலியாளும் தம் பிள்ளைகளோடு நுழைந்து உலாவ முடிந்தது. எழுத்தறியாதவர்க்கு அவ்வுருவங்களே எழுத்து. சீனத்திலிருந்து வந்து, இனித் திரும்பப்போவதில்லை என்று உணரத் தொடங்கிய பெற்றோர், தாம் கேட்டு வளர்ந்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வெளியாக அச்சரிவு அமைந்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் படித்தவர்களும், கோபுரத்துச் சுதைகளைக் காட்டி வளர்த்தவர்களும் அதன் அருமையை உணர்வர்.

அக்காட்சிகளுள் தமிழ் மாணாக்கர் தனியே நின்று பார்க்க வேண்டியது 'மேற்குப் பயணம்' என்னும் பதினாறாம் நூற்றாண்டுக் கதையின் தொடராகும். வூ செங்கென் இயற்றியது என்று பொதுவாகக் கருதப்படும் அக்கதையின் துறவி வேறு யாருமல்லர். பள்ளிப் பாடநூல்களில் நாம் படிக்கும் யுவான் சுவாங்கே. ஏழாம் நூற்றாண்டில் புத்த நூல்களைத் தேடி இந்தியா வந்த அவர் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிவைத்தார். நாலந்தாவின் பேராசானாகிய தருமபாலர் பிறந்த ஊர் அதுவே என்றும் குறித்தார். மணிமேகலை தன் நோன்பை நிறைவு செய்ததாகக் காப்பியம் கூறும் ஊரும் அதுவே. கதையில் அத்துறவிக்குத் துணைவரும் குரங்கு வீரன் சுன் வூகோங் மலையைத் தாண்டுகிறான், உருவை மாற்றுகிறான், அரக்கரோடு பொருகிறான். அனுமனே கடல்கடந்து சென்று இவ்வுருக் கொண்டான் என்று சீன அறிஞர் ஹு ஷி கருதினார். அவன் சீனத்து நீர்ப்பூதக் கதை ஒன்றிலிருந்து வளர்ந்தவன் என்று லூ சுன் மறுத்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராவிடினும், தோட்டத்து லயங்களிலிருந்து சென்ற பிள்ளைகள் அவ்வுருவைக் கண்டு 'அனுமார்' என்று கூவுவது இயல்பே. அவர்கள் சொன்னதை அறிஞர் ஒருவரும் சொல்லியிருக்கிறார் என்று ஆசிரியர் எடுத்துக்காட்டலாம்.

பூங்காவுக்குப் பெரும்புகழ் சேர்த்தவை 'நரகத்தின் பத்து மன்றங்கள்'. வடமொழி யமராசனே புத்த சமயத்தோடு சீனம் சென்று 'யென்லுவோ' ஆனான். அங்கே அவன் ஒருவனாக நில்லாமல், சீன அரசின் நிர்வாக முறைக்கேற்பப் பதின்மர் நீதிபதிகளுள் ஒருவனாக அமர்ந்தான் என்பது சுவையான செய்தி. இறந்தவர் முதல் மன்றத்தில் விசாரிக்கப்படுவர். நல்லோர் பாலம் கடந்து செல்வர். தீயோர் மன்றம் மன்றமாக நடத்தப்படுவர். கருட புராணம் கூறும் கும்பீபாகத்தையும் ஏனைய நரகங்களையும் கேட்டு வளர்ந்தவர்க்கு இத்தண்டனைகளுள் பல பழகிய முகங்களே. ஆனால் குற்றப்பட்டியல்தான் வாழ்க்கையோடு மிக ஒட்டியது. கொள்ளைக்காரனும் கொலைகாரனும் மட்டும் அங்கே இல்லை. கொடுவட்டி வாங்கியவனைக் கத்திமலையின்மேல் எறிகிறார்கள். வணிகத்தில் வஞ்சித்தவனையும், வரி கட்டாமலும் வாடகை கொடுக்காமலும் ஏய்த்தவனையும் கற்சம்மட்டியால் இடிக்கிறார்கள். உணவை வீணாக்கியவனையும் நூல்களை முறைகேடாகப் பயன்படுத்தியவனையும் இரண்டாக அறுக்கிறார்கள். எட்டாம் மன்றத்தில் தேர்வில் ஏமாற்றியவனின் குடல் உருவப்படுகின்றது. அரசுத் தேர்வால் மட்டுமே உயர முடிந்த ஒரு சமுதாயம் தேர்வுக் குற்றத்தை எவ்வளவு பெரிதாகக் கருதியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. பத்தாம் மன்றத்தில் மெங் போ என்னும் முதியவள் மறதித் தேநீரை ஊட்டுகிறாள். அதனைக் குடித்த உயிர் யாவும் மறந்து மறுபிறவிக்குச் செல்கின்றது.

இக்காட்சிகள் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்தன என்பது உண்மை. அச்சத்தால் அறம் வளருமா என்று இன்றைய கல்வியியலார் கேட்பர், அக்கேள்வியும் தக்கதே. அச்சத்தோடு அறம் முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சரிவில் பெற்றோரைப் போற்றிய மக்களின் கதைகள் இருந்தன. வெண்ணாகக் கதை இருந்தது. எண்மர் சித்தர் இருந்தனர். சிரிக்கும் புத்தர் வயிற்றைத் தடவியவாறு அமர்ந்திருந்தார். நரகத்தைக் கண்டு அழுத பிள்ளை வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரிக்க இடமிருந்தது.

பூங்காவின் முதல் அழிவு போரினால் வந்தது. 1942 பிப்ரவரியில் அந்தப் பாசிர் பாஞ்சாங் குன்றுத்தொடரில்தான் மலாய்ப் படைப்பிரிவினர் ஜப்பானியரை எதிர்த்து இறுதிவரை நின்றனர்; லெப்டினன்ட் அட்னான் சைடி வீழ்ந்ததும் அங்கேதான். சிங்கப்பூர் வீழ்ந்தபின், கடலில் செல்லும் கப்பல்களைக் காண வசதியாயிருந்த மாளிகையை ஜப்பானியர் எடுத்துக்கொண்டனர். பூன் ஹாவ் ஹாங்காங்கிலும் பூன் பார் இரங்கூனிலும் போர்க்காலத்தைக் கழித்தனர். மாளிகையை வரைந்த ஹோ குவோங் யூ, சீனரைத் தேடிக் கொன்ற அந்தக் கொடுங்காலத்தில் கொல்லப்பட்டார். இளையவர் பூன் பார் 1944இல் இரங்கூனிலேயே மறைந்தார். போர் முடிந்து திரும்பிய மூத்தவர், தம்பிக்காகக் கட்டிய மாளிகை சூறையாடப்பட்டுச் சிதைந்து நிற்பதைக் கண்டார், அதனை இடித்துவிட்டார். தோட்டத்தை மட்டும் சீர்செய்தார். 1954இல் அமெரிக்காவில் அறுவை மருத்துவம் முடித்துத் திரும்பும் வழியில் ஹொனலூலுவில் அவரும் இறந்தார். வில்லா என்னும் பெயர் இருக்க, வில்லா இல்லாத பூங்காவாக அது நிலைத்தது இவ்வாறுதான்.

அதன்பின் பூங்காவைப் பேணியவர் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சார்ந்த ஆவ் செங் சாய். அவர் ஊர் ஊராகச் சுற்றுபவர். சென்ற நாடுகளின் நினைவாகப் பூங்காவில் சிறு சிறு மூலைகளை அமைத்தார். சீனச் சித்தர்களுக்கு அருகே ஜப்பானிய மற்போர் வீரர்களும், சுதந்திர தேவியின் சிலையும் நிற்கலாயின. ஒருமை கெட்டது என்று குறை கூறுவோர் உளர். கோபுரத்தில் தெய்வங்களுக்கிடையே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயையும் வடித்துவைத்த நம் சிற்பியரை அறிந்தவர்க்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. மக்கள் கலை கண்டதையெல்லாம் உள்ளே ஏற்றுக்கொள்ளும். 1971இல் செங் சாய் மறைந்தார்.

அவ்விருபது ஆண்டுகளே பூங்காவின் பொற்காலம் எனலாம். செண்டாயான் வட்டாரத் தோட்டங்கள் போன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூர் செல்வது அக்காலத்தில் பெரும் பயணம். நெடுஞ்சாலை இல்லை. தம்பினும் சிகாமட்டும் கடந்து ஜொகூர் பாருவை அடைய ஒரு பகற்பொழுது வேண்டும். வாடகைப் பேருந்து அமர்த்திச் செல்லும் தோட்டத்தார்க்குச் சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கு அடுத்து இரண்டாவது நிறுத்தம் பெரும்பாலும் இந்தப் பூங்காவே. கட்டணம் இல்லையாதலால் பேருந்துக் கூலிக்கு மேல் செலவில்லை. கட்டுச்சோற்றைப் பிரித்து உண்ண நிழலும் இருந்தது. படம் எடுப்பவர் ஒருவர் உடன் இருந்தால் புலி உருவத்தின் அருகே குடும்பமாக நின்று ஒரு படம். தோட்டத்து வீடுகளின் சுவர்களில் தொங்கிய சிங்கப்பூர்ப் படங்கள் பலவற்றில் அந்த வண்ணச் சுதைகள் பின்னணியாக இருந்தன.

பின்னர்க் காலம் மாறியது. கரை தூர்க்கப்பட்டுக் கடல் பின்வாங்கியது. குன்றின் முன்னே துறைமுகச் சாலைகள் பெருகின. சுதைக்கு இரண்டாண்டுக்கொருமுறையேனும் வண்ணம் வேண்டும். மழையும் வெயிலும் ஓயாத நாட்டில் அச்செலவு ஓர் ஆலையின் கொடையைக்கூடத் தின்றுவிடும். 1985இல் சிங்கப்பூர் அரசு நில எடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பூங்கா நிலத்தைக் கையகப்படுத்தியது. குடும்பத்தார் உருவங்களை நன்கொடையாக அளித்தனர். தம் முன்னோர் இருவரின் பெயர் நிலைத்திருக்க வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றது. பழமை குன்றாமல் புதுமை சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்து, ஃபிரேசர் அண்ட் நீவ், டைம்ஸ் பப்ளிஷிங் ஆகிய இரு நிறுவனங்கள் கூடிய ஒரு கூட்டு நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்தது. பூங்கா மூடப்பட்டது.

1990 அக்டோபரில் அது 'ஹாவ் பார் வில்லா டிராகன் வொர்ல்ட்' என்னும் பெயரில் திறக்கப்பட்டது. செலவு எட்டுக் கோடி சிங்கப்பூர் வெள்ளி. அறுபது மீட்டர் நீளமுள்ள கடல்நாகத்தின் வயிற்றுக்குள் நரக மன்றங்கள் அமைந்தன. நீர்ச்சறுக்குப் படகும், ஒளிப்படக் கொட்டகையும், நாடக அரங்கும் வந்தன. பெரியவர்க்கு 16 வெள்ளி, சிறுவர்க்கு 10 வெள்ளி என்று கட்டணம் வைத்தனர். ஐந்துபேர் கொண்ட தோட்டக் குடும்பம் ஒன்று வாயிலில் நின்று இதனைக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால், அதனை மலேசிய வெள்ளிக்கு மாற்றிய மாத்திரத்திலே திரும்பியிருக்கும்.

தொடக்கத்தில் கூட்டம் வந்தது, ஆதாயமும் கிடைத்தது. புதுமை ஓரிரண்டு ஆண்டுகளில் தேய்ந்தது. பத்தாண்டுகளில் இழப்பு 3 கோடியே 15 இலட்சம் வெள்ளியாயிற்று. காரணங்களைப் பலவாறு கூறுவர். ஒருமுறை படகில் சறுக்கியவர் மறுமுறை வருவதில்லை என்பது ஒன்று. இளைய தலைமுறை சீனப் பழங்கதைகளை மறந்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கதைகளை மறந்த தலைமுறைக்கு அவற்றைச் சொல்லித் தருவதற்காகவே எழுந்த இடம் அது. பாட்டியின் கைப்பிடித்து, நினைத்த வாரமெல்லாம் வந்து, ஒரு கதையின் முன் நெடுநேரம் நின்று கேட்கக்கூடியதாக இருந்ததனாலேயே அது பள்ளியாக இருந்தது. கட்டணம் வாங்கியவுடன் பாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டாள். சொல்வார் இல்லாத சுதை வெறும் வண்ணக் கட்டியாயிற்று. பொறிவிளையாட்டிலோ அமெரிக்கப் பூங்காக்களோடு அதனால் போட்டியிட முடியவில்லை. தனக்கே உரியதை விட்டுப் பிறர்க்கு உரியதில் இரண்டாம் இடத்தை நாடியது என்பதே பொருந்தும் விளக்கமாகும்.

இவ்வினை இந்த ஒரு பூங்காவுக்கே நேர்ந்ததன்று. சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே 1923இல் தோன்றிய 'நியூ வொர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா 1987இல் முடிவுற்றது. அவ்விடத்தில் பேரங்காடி எழுந்தது. நுழைவாயிலின் நினைவு மட்டும் பேணப்பட்டது. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கின் 'பி.பி. பார்க்' போய்ச் சுங்கை வாங் பிளாசா வந்தது. கோம்பாக்கில் 1975இல் திறந்த மிமாலண்டு 1994இல் மூடப்பட்டுக் காடு மூடிப் போயிற்று. ஹாங்காங்கின் புலித்தைலத் தோட்டமே 2004இல் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளுக்கு இடம் தந்தது. மாளிகை மட்டும் எஞ்சியது.

கடலுக்கப்பால் ஒரு மாறுபட்ட சான்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிக் போப் என்பாரும் அவர் துணைவி ஜூலியும் 1936 சனவரியில் 'சைப்ரஸ் கார்டன்ஸ்' என்னும் மலர்ப்பூங்காவைத் திறந்தனர். புலித்தைலப் பூங்காவுக்கு ஓராண்டே மூத்தது அது. நீர்ச்சறுக்குக் காட்சிகளால் உலகப் புகழ் பெற்றது. 2003இல் மூடப்பட்டது; அடுத்த ஆண்டே பொறிவிளையாட்டுகளோடு திறந்தது; 2009இல் மீண்டும் மூடப்பட்டது. 2011 அக்டோபரில் லெகோலண்டு நிறுவனத்தார் அதே இடத்தில் தம் பூங்காவைத் திறந்தபோது, பழைய மலர்த்தோட்டத்தை அழிக்காமல் உள்ளேயே விட்டுவைத்தனர். 1939இல் கன்றாக நட்ட ஆலமரம் ஒன்று அங்கே விழுதூன்றிப் பரந்து நிற்கின்றது. பிள்ளைகள் விளையாட்டுக் கற்களுக்காகச் செல்கின்றனர். ஆலமரத்தை வழியில் காண்கின்றனர். அஃதும் ஒருவகைப் பிழைப்புத்தான். ஆனால் மரம் தானே வளரும். அதற்கு வண்ணம் தீட்ட ஆள் வேண்டியதில்லை. கதைசொல்லும் சுதைக்கு அந்த நற்பேறு இல்லை.

செண்டாயானில் வாழ்பவர்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நிலைகுலைந்தபோது, துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வழிகண்டார். எல்லாத் தோட்டங்களுக்கும் அவ்வழி வாய்க்கவில்லை. இரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை நின்ற நிலத்தில் இந்த நூற்றாண்டில் ஸ்ரீ செண்டாயான் நகர் பரவியது. 2018இல் சுங்கை பீசியிலிருந்து வான்படைத் தளமும் செண்டாயானுக்கு வந்தது. நகரம் வருவதில் நன்மை உண்டு; நல்ல சாலையும் நல்ல வேலையும் வேண்டாமென்று எவரும் சொல்லார். எனினும் இத்தகைய மாற்றங்களில், லயத்தின் கடைசியில் வேப்பமரத்தடியில் அரிவாள் ஏந்தி நின்ற முனியாண்டியும், குதிரைமேல் அமர்ந்த மதுரைவீரனும் எங்கே செல்வார்கள் என்னும் கேள்வி எழுகின்றது. அவர்களும் சுதையுருவங்களே. அவர்களுக்கும் ஒரு கதை உண்டு; அக்கதையைச் சொன்ன கிழவர்கள் இருந்தார்கள். நிலத்துக்கு இழப்பீடு கணக்கிட முடியும். கோயிலுக்கு மாற்றிடமும் தர முடியும். புதிய இடத்தில் புதிய சுதை பழையதினும் அழகாகவே அமையலாம். கதை கூடவே வந்ததா என்று பார்ப்பவர் பெரும்பாலும் இல்லை. ஆவ் குடும்பத்தார்க்கு உருவங்களைக் கொடுத்துப் பெயரை நிலைநிறுத்தும் வலிமை இருந்தது. லயத்தார்க்கு அவ்வலிமை எங்கிருந்து வரும்? தோட்டப் பெயரையே தாங்கி, தோட்டம் மறைந்தபின்னும் நிற்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தம் பாட்டன்மாரிடம் அக்கதைகளைக் கேட்டு எழுதிவரும்படி செய்வதற்கு எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை.

பாசிர் பாஞ்சாங் பூங்காவின் பிற்பகுதியைச் சுருங்கக் கூறலாம். 1990களின் முடிவில் நுழைவுக் கட்டணம் நீங்கியது. 2001இல் சுற்றுலாக் கழகம் பொறுப்பை மீண்டும் ஏற்றது. கோடிகள் செலவிட்டு ஆக்கிய பெருநாகம் பின்னர் அகற்றப்பட்டது. போருக்குமுன் மூங்கிலும் கம்பியும் கட்டி ஆக்கிய மரபில் வந்த சுதைகள் எஞ்சின. 2006இல் கடல்கடந்த சீனரின் வாழ்வைக் காட்டும் 'ஹுவா சோங்' அருங்காட்சியகம் அங்கே திறந்தது; 2012இல் அதுவும் மூடப்பட்டது. 2011இல் பூங்காவின் பெயரையே தாங்கிய தொடருந்து நிலையம் வாயிலருகே வந்தது. சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, ஆசானிடம் தொழில் பழகி, முதுமைவரை அவ்வுருவங்களுக்கு வண்ணம் பூசிவந்த கைவினைஞர்களின் வரிசையும் குறுகியது. இத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரி இல்லை. கை கண்டதைக் கைதான் கற்பிக்க வேண்டும்.

2015 முதல் வரலாற்று நடைப்பயணங்கள் நடத்தும் நிறுவனம் ஒன்று பூங்காவை நடத்தலாயிற்று. அதன் முறை முன்னையோர் முறையினின்றும் வேறுபட்டது. புதிய பொறி எதனையும் கொணராமல், இருக்கின்ற சுதைகளின் கதையைச் சொல்ல வழிகாட்டிகளை அமர்த்தியது. 2021 அக்டோபரில் 'நரக அருங்காட்சியகம்' திறந்தது. இறப்பையும் அதன் பின்னுள்ளதையும் பற்றிப் பல சமயத்தார் கொண்ட எண்ணங்களையும் ஈமச்சடங்குகளையும் அங்கே ஒருங்கே வைத்தனர். பத்து மன்றங்கள் அவ்வருங்காட்சியகத்துக்குள் அமைந்தன. அவற்றைக் காண மட்டும் கட்டணம் உண்டு. குரங்கு வீரனும், துறவியும், வெண்ணாகமும், எண்மர் சித்தரும், சுதந்திர தேவியும் நிற்கும் குன்றுச் சரிவுக்குக் கட்டணம் இல்லை. பூன் ஹாவ் விட்டுச்சென்றவாறே அதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கின்றது.